தோம்பின் வாய்க்கு அப்பால்: ஜார்ஜ் டவுன் சமையலறைகளுக்கு ஒரு திறந்த மடல்

பினாங்குத் தீவில் வீட்டுச் சமையலறையை நடத்தும் தாய்மார்களுக்கும் தந்தையர்க்கும், சாப்பாட்டுக்கடை நடத்துவோர்க்கும், கோயில் மடப்பள்ளிகளிலும் தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல்களிலும் பெருஞ்சமையலுக்குப் பொறுப்பேற்கும் அன்பர்களுக்கும் எழுதப்படும் மடல்.

ஒரு சமையலறையில் நாள்தோறும் கையாளப்படும் பொருள்களுள் இரண்டு, வீட்டுக்குள் வந்தபின் எவருடைய சோதனைக்கும் உட்படுவதில்லை. அடுப்பில் ஏறும் பாத்திரத்தின் உலோகம் ஒன்று. எரிவாயுத் தோம்பின் வாயில் பொருத்தப்படும் ரெகுலேட்டரும் அங்கிருந்து அடுப்புக்குச் செல்லும் ரப்பர் குழாயும் மற்றொன்று. தோம்பு எரிவாயு நிறுவனத்தின் உடைமை என்பதால், நிரப்பும் நிலையத்துக்கு அது திரும்பும்போது அதைப் பார்ப்பதற்கு ஆள் உண்டு. தோம்பின் வாய்க்கு அப்பால் இருப்பவை யாவும் குடும்பத்தின் உடைமை. அவற்றைப் பார்க்கும் கடமையும் குடும்பத்துக்கே உரியது. இந்தியாவில் எண்ணெய் நிறுவனங்களின் முகவர்கள் குறித்த கால இடைவெளியில் வீடு தேடி வந்து இணைப்பைச் சோதிக்க வேண்டும் என்ற ஏற்பாடு உண்டு. இங்கு தோம்பைத் தோளில் சுமந்து வருபவர் பழையதைக் கழற்றிப் புதியதைப் பொருத்திவிட்டுப் போய்விடுகிறார். அவரிடம் அதற்கு மேல் எதிர்பார்ப்பதும் நியாயமன்று. இந்த இரு பொருள்களையும் குடும்பமே சோதிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதே இம்மடலின் வேண்டுகோள்.

பினாங்குத் தமிழர் சமையலறையில் மூன்று மரபுகளைச் சேர்ந்த பாத்திரங்கள் ஒரே அடுப்பைப் பகிர்ந்துகொள்கின்றன. தோசைக்கல், இட்லிப் பானை, குக்கர், பித்தளைப் பொங்கல் பானை ஆகியவை தமிழ்நாட்டிலிருந்து வருபவை. குழிந்த அடியுள்ள குவாலி சீனர்களிடமிருந்தும் மலாய்க்காரர்களிடமிருந்தும் வந்தது. ஒட்டாப் பூச்சுள்ள தட்டையான வாணலி மேலை நாட்டு வழி வந்தது. இவற்றுள் பல, எரிவாயு அடுப்புக்காக உருவானவை அல்ல. மண்சட்டியும் பொங்கல் பானையும் விறகடுப்பின் பரந்த தணலுக்கு ஏற்றவை. குவாலி, தன் குழிந்த அடியை உள்வாங்கிச் சுற்றிலும் தழுவும் கரியடுப்பின் வாய்க்கு ஏற்றது. எரிவாயு அடுப்போ ஒரு சிறு வளையத்திலிருந்து மிகுந்த வெப்பத்தைக் குறுகிய பரப்பில் செலுத்துகிறது. ஆகவே ஒரு பாத்திரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் அழகையும் எடையையும் மட்டும் பார்த்தால் போதாது. அந்தக் குறுகிய வளையத்தின் வெப்பத்தை அது எவ்வாறு வாங்கிப் பரப்பும் என்பதையும் பார்க்க வேண்டும்.

வெப்பத்தைத் தன்னுள் பரப்பும் ஆற்றலை வெப்பங்கடத்துதிறன் என்பர். அலுமினியம் துருப்பிடிக்காத எஃகைவிட ஏறத்தாழ 15 மடங்கும், செம்பு ஏறத்தாழ 25 மடங்கும் வெப்பத்தை விரைவாகக் கடத்துகின்றன. வார்ப்பிரும்பு எஃகுக்கும் அலுமினியத்துக்கும் இடைப்பட்டது. எவர்சில்வர் பாத்திரத்தில் பால் காய்ச்சும்போதும் பாயசம் கிண்டும்போதும் தீ வளையத்தின் வடிவிலேயே அடிப்பிடிப்பதற்கு இதுவே காரணம்: வெப்பம் பக்கவாட்டில் பரவாமல் தீ படும் இடத்திலேயே தேங்குகிறது. இதற்கு மாற்றாகவே இரண்டு எஃகுத் தகடுகளுக்கு நடுவே அலுமினியத் தகட்டை அழுத்திச் செய்யப்படும் மூன்றடுக்குப் பாத்திரங்கள் வந்தன. உணவு படும் பக்கம் எஃகாகவும் வெப்பத்தைப் பரப்பும் பகுதி அலுமினியமாகவும் இருப்பதால் அவற்றின் விலை கூடுதல். எனினும் நான்கு மெல்லிய பாத்திரங்களுக்குச் செலவிடும் பணத்தில் அடி தடித்த ஒன்றை வாங்குவது, எரிவாயுவுக்கும் நல்லது, தேய்த்துக் கழுவும் கைகளுக்கும் நல்லது.

அலுமினியம் மலிவானது, எடை குறைந்தது, விரைவில் சூடாவது. பெருஞ்சமையலில் அண்டாக்களும் சட்டிகளும் பெரும்பாலும் அலுமினியமாகவே இருப்பதற்கு இவையே காரணங்கள். சோறு வடிக்கவும் தண்ணீர் காய்ச்சவும் அதைப் பயன்படுத்துவதில் அச்சப்பட ஏதுமில்லை. புளியும் தக்காளியும் உப்பும் சேரும்போது நிலைமை மாறுகிறது. அலுமினியத்தின் மேற்பரப்பில் இயற்கையாகப் படிந்திருக்கும் ஆக்சைடுப் படலமே அதற்குக் காப்பு. புளிப்பும் உப்பும் நீண்ட நேரச் சூடும் அந்தப் படலத்தைக் கரைத்து, உலோகத்தை உணவுக்குள் சேர்க்கின்றன. புளிக்குழம்பையும் சாம்பாரையும் ரசத்தையும் அன்றாட உணவாகக் கொண்ட ஒரு சமூகத்துக்கு இது சிறிய செய்தியன்று. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி நூல், சட்னி, சாம்பார் போன்ற புளிப்பான உணவுகளை அலுமினியம், இரும்பு, ஈயம் பூசாத பித்தளை, செம்பு ஆகியவற்றால் ஆன பாத்திரங்களில் வைத்திருப்பது பாதுகாப்பானதன்று என்று எச்சரிக்கிறது. சமைப்பதைவிட, சமைத்ததை அதே பாத்திரத்தில் இரவு முழுவதும் வைத்து மறுநாள் சுடவைக்கும் பழக்கமே இதில் கேடு மிகுந்தது.

இதனினும் கவலைக்குரியது ஹிண்டாலியம் என்ற பெயரில் விற்கப்படும் பாத்திரங்களின் நிலை. ஹிண்டாலியம் என்பது அலுமினியத்துடன் மக்னீசியம், மாங்கனீஸ் முதலிய உலோகங்களைச் சேர்த்துக் கடினமாக்கிய கலப்புலோகம். இட்லிச் சட்டிகளும் கடாய்களும் குழம்புச் சட்டிகளும் பல்லாண்டுகளாக அதில் செய்யப்பட்டு வருகின்றன. முறையாகச் செய்யப்பட்ட கலவையில் கேடில்லை. ஆனால் எங்கிருந்து வந்தது என்று தெரியாத பழைய உலோகக் கழிவுகளை, வண்டி உதிரிப்பாகங்கள் உட்பட, உருக்கி வார்க்கும்போது அவற்றோடு காரீயமும் கலந்துவிடுகிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சியாட்டில் நகரை உள்ளடக்கிய கிங் கவுண்டியின் பொதுச் சுகாதாரத் துறையினர், ஆப்கானிஸ்தானிலிருந்து குடியேறிய குழந்தைகளின் இரத்தத்தில் காரீயம் மிகுந்திருந்ததன் காரணத்தைத் தேடியபோது, அவர்கள் கொண்டுவந்த அலுமினியச் சமையல் பாத்திரங்களைச் சென்றடைந்தனர். அந்த ஆய்வு 2022-இல் வெளியாயிற்று. 2025 ஆகஸ்டில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், இறக்குமதியாகும் அலுமினிய, பித்தளை, ஹிண்டாலியப் பாத்திரங்களுள் சில உணவில் காரீயத்தைக் கசியவிடுவதாகப் பெயர் குறிப்பிட்டு எச்சரித்தது. அந்த எச்சரிக்கையில் இடம்பெற்ற பாத்திரங்கள் இந்தியாவில் செய்யப்பட்டவை என்பதால், ஜார்ஜ் டவுனின் லெபோ பசார் கடைகளில் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பாத்திரம் வாங்கும் குடும்பங்கள் அதைத் தொலைதூரச் செய்தியாக ஒதுக்கிவிட முடியாது.

காரீயம் உடலுக்குள் செல்வதற்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்பதே உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. வளரும் குழந்தையின் மூளையை அது பாதிக்கும். பாதிப்பு வெளியில் தெரிவதற்கு ஆண்டுகள் ஆகும். இழந்ததைத் திரும்பப் பெற இயலாது. காரீயம் கலந்த பாத்திரத்தைக் கண்ணால் பார்த்தோ தட்டிப் பார்த்தோ அறிய வழியில்லை. ஆகவே உற்பத்தியாளரின் பெயரும் உலோகத்தின் தரமும் பொறிக்கப்படாத வார்ப்புப் பாத்திரத்தை, எவ்வளவு மலிவாயினும், சமையலுக்கு வாங்காமல் இருப்பதே ஒரு குடும்பம் செய்யக்கூடிய உறுதியான காப்பு. கடைக்காரரிடம் இதைக் கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை. பலரும் கேட்கத் தொடங்கினால், அவரும் தம் மொத்த வியாபாரியிடம் கேட்பார். 1969-இல் ஜார்ஜ் டவுனில் தோன்றிய பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இத்தனை ஆண்டுகளாக வற்புறுத்தி வருவதும், வாங்குவோர் கேள்வி கேட்க வேண்டும் என்பதையே.

பித்தளைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. கடைசல் வேலை எளிதாக வேண்டும் என்பதற்காகச் சில பித்தளை வகைகளில் சிறிதளவு காரீயமும் சேர்க்கப்படுகிறது. குத்துவிளக்குக்கு அது பொருட்டன்று. பொங்கல் பானைக்கு அது பொருட்டே. பழைய தலைமுறையினர் பித்தளைப் பாத்திரத்துக்கு உட்புறம் ஈயம் பூசிய பின்னரே சமைத்தனர். அந்தப் பூச்சு வெள்ளீயமாக இருக்க வேண்டும். மலிவுக்காகக் காரீயம் கலந்த பற்றாசைக் கொண்டு பூசினால், காப்பு என்று கருதியதே நஞ்சாகிவிடும். ரசத்துக்கென்று கும்பகோணத்திலிருந்து வரும் ஈயச் சொம்புக்கும் இது பொருந்தும். தூய வெள்ளீயம் 232 பாகை செல்சியசில் உருகுவது. அதனால்தான் சொம்பில் முதலில் நீரூற்றி, பின்னரே தீ மூட்டி, தீயையும் சிறிதாகவே வைக்கச் சொன்னார்கள். எரிவாயுத் தீயில் வெறுமையாக வைக்கப்பட்ட ஈயச் சொம்பு சில நிமிடங்களில் உருகித் தட்டில் வழிந்துவிடும்.

எவர்சில்வர் என்று வழங்கும் துருப்பிடிக்காத எஃகே புளிக்குழம்புக்கு மிகவும் ஏற்றது. எஃகில் சேர்க்கப்படும் குரோமியம் காற்றோடு கூடி உண்டாக்கும் மெல்லிய படலம் புளிப்பைத் தாங்குகிறது. 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் உள்ள வகையை 304 என்று குறிப்பர். நல்ல பாத்திரங்களின் அடியில் இந்த எண் பொறிக்கப்பட்டிருக்கும். நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிய மலிவான வகைகள் உப்புநீர் பட்டால் புள்ளி புள்ளியாகத் துருவேறும். காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல எஃகு என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. மலிவான அந்த வகைகளிலும் காந்தம் ஒட்டாது என்பதால் அதை மட்டும் நம்புவது சரியன்று. தோசைக்கும் வறுவலுக்கும் இரும்பே உயர்ந்தது. எண்ணெய் பூசிச் சூடாக்கிப் பழக்கிய தோசைக்கல்லின் பரப்பு எந்தச் செயற்கைப் பூச்சுக்கும் குறைந்ததன்று; அதில் புளியை நெடுநேரம் கொதிக்கவிட்டால் மட்டும் குழம்பு கறுத்து உலோகச் சுவையேறும். மீன்குழம்புக்கு மண்சட்டியை விரும்புவோர், உட்புறம் பளபளப்பான வண்ணப் பூச்சு இல்லாத சட்டியைத் தேர்ந்தெடுத்து, சிறு தீயில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டினால் சட்டி விரிசலின்றி நீடிக்கும்.

ஒட்டாப் பூச்சு பற்றி அளவுக்கு மீறிய அச்சமும் அளவுக்கு மீறிய நம்பிக்கையும் மக்களிடையே நிலவுகின்றன. டெஃப்லான் என்ற வணிகப் பெயரால் அறியப்படும் அந்தப் பூச்சு ஏறத்தாழ 260 பாகை செல்சியசைத் தாண்டும்போது சிதையத் தொடங்கி, அதற்கும் மேலே செல்லச் செல்ல நச்சுப் புகையை வெளியிடும். கூண்டுப் பறவைகளைக் கொல்லும் அளவுக்கு அப்புகை கடுமையானது. எண்ணெயோ உணவோ இருக்கும்வரை வாணலி அவ்வளவு சூடேறுவது அரிது. வெறும் வாணலியைப் பெரிய தீயில் வைத்துவிட்டு வெங்காயம் நறுக்கப் போனால் சில நிமிடங்களிலேயே அந்த நிலை வந்துவிடும். ஆகவே தாளிப்புக்கும் பெருந்தீயில் கிளறும் குவாலிச் சமையலுக்கும் இந்தப் பூச்சு ஏற்றதன்று. முட்டைக்கும் ஆப்பத்துக்கும் சிறு தீயில் பயன்படுத்துவதில் தவறில்லை.

பாத்திரத்தைப் போலவே தீயையும் அறிந்து நடத்த வேண்டும். எரிவாயு, பர்னரின் அடியில் காற்றை உள்ளிழுத்துக் கலந்து எரியும்போது தீ நீலமாக இருக்கும். காற்றுத் துளைகள் அடைபட்டால் நுனி மஞ்சளாகிப் பாத்திரத்தின் அடியில் கரி படியும். கொதிநீர் வழிந்து உப்பு பட்டதால் தோன்றி மறையும் செம்மஞ்சள் பொறிகள் கேடற்றவை. நிலையாக நிற்கும் மஞ்சள் நுனியே, எரிவாயு முழுமையாக எரியவில்லை என்பதையும் கார்பன் மோனாக்சைடு என்னும் மணமற்ற நச்சு வாயு உண்டாகிறது என்பதையும் காட்டுவது. தீயின் நாக்குகள் பாத்திரத்தின் அடியைத் தாண்டிப் பக்கங்களில் ஏறினால், அந்த வெப்பம் சமையலறைக் காற்றுக்கும் கைப்பிடிக்கும் போகிறதேயன்றி உணவுக்குப் போவதில்லை. நன்கு செய்யப்பட்ட அடுப்பிலேயே எரிவாயுவின் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கு வீணாகிறது. இந்தியத் தர நிர்ணயம் வீட்டு அடுப்புகளிடம் எதிர்பார்க்கும் குறைந்த அளவு வெப்பத்திறன் 68 விழுக்காடுதான். பொருந்தாத பாத்திரம் அந்த இழப்பை மேலும் பெருக்கும். குழிந்த அடியுள்ள குவாலியை அதற்குரிய தாங்கு வளையத்தில் நிறுத்த வேண்டும். கண்ணாடி மேற்பரப்புள்ள அடுப்பில் அண்டாவை ஏற்றிக் கண்ணாடியை மூடிவிட்டால், திருப்பி அனுப்பப்படும் வெப்பம் கண்ணாடியை வெடிக்கச் செய்யக்கூடும்.

எரிபொருள் சிக்கனத்தின் அடிப்படையை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். பினாங்கின் குழாய்நீர் 28 பாகையில் இருப்பதாகக் கொண்டால், ஒரு லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 300 கிலோஜூல் வெப்பம் போதும். அதே ஒரு லிட்டரை முழுவதும் ஆவியாக்க ஏறத்தாழ 2,260 கிலோஜூல் வேண்டும். அதாவது ஏழரை மடங்கு. கொதி வந்தபின் நீரின் வெப்பநிலை 100 பாகைக்கு மேல் ஏறுவதில்லை. எவ்வளவு பெரிய தீ வைத்தாலும் பருப்பு விரைவாக வேகாது, ஆவி மட்டுமே விரைவாகப் போகும். ஆகவே கொதித்தவுடன் தீயைக் குறைத்து மூடி போடுவது, ஒரு சமையலறை செய்யக்கூடிய மிகப் பெரிய சிக்கனம். குக்கர் இந்த நூறு பாகை எல்லையையே உயர்த்துகிறது: சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு கூடுதல் அழுத்தத்தில் நீர் ஏறத்தாழ 121 பாகையில்தான் கொதிக்கும் என்பதால், உளுந்தும் கொண்டைக்கடலையும் மிகக் குறைந்த நேரத்தில் வேகின்றன. ஆயினும் முதல் விசில் வந்தபின்னும் தீயைக் குறைக்காமல் விசில்களை எண்ணிக்கொண்டிருப்பது, அந்த ஆதாயத்தை ஆவியாக விட்டுவிடுவதே ஆகும். குக்கரின் ஆவித்துளை அடைபடாமல் ஒவ்வொரு முறையும் ஒளிக்கு நேரே பிடித்துப் பார்ப்பதும், பாதுகாப்பு வால்வுக்கும் வளையத்துக்கும் அதே நிறுவனத்தின் உதிரிப்பாகங்களையே வாங்குவதும் விட்டுவிடக் கூடாத வழக்கங்கள்.

மலேசியாவில் எரிவாயு மலிவு. வீட்டுப் பயன்பாட்டுக்கான 14 கிலோ தோம்பு, அரசு மானியத்தால் 26 ரிங்கிட் 60 சென்னுக்குக் கிடைக்கிறது. மானியமின்றி அதே அளவுக்கு ஏறத்தாழ 70 ரிங்கிட் ஆகும். மானியத் தோம்பைக் கடைகளில் பயன்படுத்துவதைக் கட்டுப்படுத்தும், 2021-இல் திருத்தப்பட்ட விதிகளின் அமலாக்கம் 2025 மே 1 முதல் கடுமையாக்கப்பட்டபோது சிறு உணவுக்கடைக்காரர்கள் அடைந்த பதற்றம், இந்த விலை வேறுபாட்டின் அளவை அனைவருக்கும் உணர்த்தியது. மலிவான எரிபொருளின் தீமை, அதை வீணாக்குவதோடு நிற்பதில்லை. மலிவானதைத் தீங்கற்றது என்று மனம் எண்ணிக்கொள்கிறது. சில ரிங்கிட் விலையுள்ள குழாயை மாற்ற வேண்டிய நேரத்தில் மாற்றாமல் விடுவது அந்த எண்ணத்தின் விளைவு.

தோம்பில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்து, அழுத்தத்தால் நீர்மமாக்கப்பட்ட வாயு. வெளியே வந்தவுடன் அது பெருமளவு விரியும். ஒரு கிலோ நீர்மம் ஏறத்தாழ 450 லிட்டர் வாயுவாகும். காற்றில் இரண்டு விழுக்காடு கலந்தாலே அது தீப்பற்றும் கலவையாகிவிடும். அதாவது, மூன்று மீட்டர் நீளமும் மூன்று மீட்டர் அகலமும் கொண்ட ஒரு சமையலறையை முழுவதும் வெடிக்கும் கலவையால் நிரப்புவதற்கு ஒரு கிலோ கசிவு போதும். இயல்பில் மணமற்ற இந்த வாயுவில், கசிவை உணர்த்துவதற்காகவே அழுகல் நாற்றமுடைய மெர்காப்டன் என்னும் பொருள் சேர்க்கப்படுகிறது. முதுமையாலோ நோயாலோ மோப்பம் குன்றியவர்கள் தனியே சமைக்கும் வீடுகளில், எரிவாயுக் கசிவை ஒலியெழுப்பி அறிவிக்கும் சிறு கருவியைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பொருத்துவது நலம்.

தரைக்கு அருகில் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த வாயு காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. மேலே எழாமல் தாழ்வான இடம் தேடிப் படியும். ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளுக்கு இந்த இயல்பு தனி ஆபத்தை உண்டாக்குகிறது. 2008 ஜூலையில் யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்த அந்தத் தெருக்களின் வீடுகள், முகப்பில் குறுகியும் உள்ளே நீண்டும், இருபுறமும் அண்டை வீட்டோடு பொதுச் சுவர் கொண்டும், நடுவில் வானம் பார்த்த முற்றத்தோடும் கட்டப்பட்டவை. முற்றம் மேலே திறந்திருப்பதால் வாயு போய்விடும் என்று குடியிருப்போர் நம்புகின்றனர். ஆனால் முற்றத்தின் தளம் மழைநீர் தேங்காமல் ஓடுவதற்காகச் சுற்றியுள்ள தரையைவிடத் தாழ்த்திக் கட்டப்பட்டது. கசியும் வாயு அந்தத் தாழ்விலேயே இறங்கித் தேங்கி, அங்குள்ள வடிகால் வழியாக வேறோரிடத்துக்கும் செல்லக்கூடும். மேல்தளம் பலகையாலானது, சுவர் பொதுவானது என்பதால், ஒரு வீட்டின் கவனக்குறைவு வரிசையில் உள்ள அனைத்து வீடுகளின் துன்பமாகும். எனவே தோம்பை முற்றத்தின் பள்ளத்திலோ வடிகால் வாயருகிலோ வைக்கலாகாது. காற்றோட்டமில்லாத அடுப்பு மேடை அலமாரிக்குள் அடைத்தலும் கூடாது. ஆயர் ஈத்தாம், ரைபிள் ரேஞ்ச் போன்ற இடங்களின் அடுக்குமாடி வீடுகளில், சமையலறையை ஒட்டிய துணி உலர்த்தும் பகுதியின் வெளிக்காற்றில் தோம்பை நிமிர்த்தி வைப்பதே சிறந்தது. கிடத்தி வைத்தால் வாயுவுக்குப் பதில் நீர்மமே குழாய்க்குள் பாய்ந்துவிடும்.

குழாயை வாங்கும்போது சிரிம் தரமுத்திரையைப் பார்த்து வாங்குவதோடு, வாங்கிய மாதத்தையும் ஆண்டையும் அழியாத மையால் குழாயின் மீதே எழுதிவைப்பது நல்லது. பொதுவாகக் குழாயை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் ரெகுலேட்டரை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையும் மாற்ற வேண்டும்; எலி கடித்த தடமோ வெடிப்போ விறைப்போ தென்பட்டால் அன்றே மாற்ற வேண்டும். குழாயை அடுப்பின் அடியில் வெப்பம் படும்படி விடுவதும், இரண்டு முனைகளிலும் கவ்வி பொருத்தாமல் விடுவதும் பரவலான தவறுகள். தோம்பு மாற்றிய ஒவ்வொரு முறையும் வால்வைத் திறந்து, சோப்பு நுரையை இணைப்புகளில் தடவிக் குமிழி எழுகிறதா என்று பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும். தீக்குச்சி கொளுத்திச் சோதிக்கும் வழக்கத்தை யார் செய்தாலும் உடனே தடுக்க வேண்டும். புதிய அடுப்பு வாங்குவோர், தீ அணைந்தால் தானே வாயுவை நிறுத்தும் வசதி உண்டா என்று கேட்டு வாங்குவது நன்று: இரு வேறு உலோகக் கம்பிகள் சேரும் முனை தீயில் சூடாகும்போது எழும் சிறு மின்னழுத்தம் வால்வைத் திறந்து வைத்திருக்கும், கொதித்து வழிந்த கஞ்சியாலோ காற்றாலோ தீ அணைந்தால் முனை குளிர்ந்து வால்வு மூடிக்கொள்ளும்.

தண்ணீர்ப் பந்தல் குழுவினரிடம் இம்மடல் தனியே ஒரு செய்தியைக் கூற விரும்புகிறது. தைப்பூச நாள்களில் தண்ணீர்மலைக் கோயிலுக்குச் செல்லும் சாலைகளில் பந்தல்கள் நெருங்கி நிற்கின்றன. பின்புறத்தில் பேரழுத்த அடுப்புகள் பல மணி நேரம் எரிகின்றன. முன்புறத்தில் காவடியோடும் குழந்தைகளோடும் மக்கள் நெருக்கியடித்துச் செல்கின்றனர். வீட்டு ரெகுலேட்டர் வாயுவை மிகக் குறைந்த, நிலையான அழுத்தத்துக்குக் கொண்டுவருவது. பெருஞ்சமையல் அடுப்பின் ரெகுலேட்டர் அதைவிடப் பன்மடங்கு அழுத்தத்தில், கையால் கூட்டிக் குறைக்கும்படி வாயுவை விடுவது. ஒன்றுக்கு மற்றொன்றை மாற்றிப் பொருத்துவதும், வீட்டுக்குரிய மெல்லிய குழாயைப் பேரழுத்த அடுப்பில் மாட்டுவதும் பெருங்கேடு. நீர்மம் ஆவியாவதற்குரிய வெப்பத்தைத் தோம்பிலிருந்தே எடுத்துக்கொள்வதால், நெடுநேரம் பெருந்தீயில் எரியும்போது தோம்பு குளிர்ந்து வெளியில் பனி படரும், அழுத்தமும் குறையும். அப்போது தோம்பைச் சாய்ப்பதும், குலுக்குவதும், வெந்நீர்த் தொட்டியில் வைப்பதும் சமையல்காரர்களிடையே காணப்படும் பழக்கங்கள். இவற்றைப் பொறுப்பாளர்கள் ஒருபோதும் அனுமதிக்கக் கூடாது. அடுப்பைக் குறைத்துக்கொள்வதோ, முறையாக இணைக்கப்பட்ட மற்றொரு தோம்பைச் சேர்ப்பதோதான் சரியான வழி.

வாயு நாற்றம் உணரப்பட்டால், தோம்பின் வால்வை மூடி, கதவு சன்னல்களைத் திறந்து, மின்விளக்கையோ மின்விசிறியையோ போடவும் அணைக்கவும் கை வைக்காமல், வெளியேறிய பின்னரே கைப்பேசியில் 999-ஐ அழைக்க வேண்டும். எண்ணெய்ச் சட்டி தீப்பற்றினால், அடுப்பை அணைத்து, சட்டியைத் தூக்காமல், சரியான மூடியால் மூடிவிட்டு ஆறும்வரை திறக்காமல் விட வேண்டும். கொதிக்கும் எண்ணெயில் ஊற்றப்படும் நீர் ஒரே கணத்தில் ஏறத்தாழ 1,700 மடங்கு விரிந்து ஆவியாகி, எரியும் எண்ணெயைக் கூரை வரை வாரியிறைக்கும். தீப்புண் மருத்துவத்துக்கு முகமும் கைகளும் சிதைந்து வருவோர் பலருக்கு நேர்ந்தது இதுவே. நீலத் தீயும் நைட்ரஜன் டை ஆக்சைடு என்னும் மூச்சுக்குழலுக்கு எரிச்சலூட்டும் வாயுவை உண்டாக்கும் என்பதால், குளிர்சாதனத்துக்காகச் சன்னலை அடைத்த சமையலறைகளில், ஆஸ்துமா உள்ள குழந்தை இருக்கும் வீட்டில் குறிப்பாக, சமைக்கும்போதேனும் சன்னலைத் திறந்து வைக்க வேண்டும்.

இறுதியாக, தனிக் குடும்பங்கள் மட்டுமே செய்து முடிக்க முடியாத சில பணிகளுக்குச் சமூக அமைப்புகளின் துணை தேவைப்படுகிறது. ஒவ்வொரு கோயில் நிருவாகமும் தன் மடப்பள்ளியின் குழாய், ரெகுலேட்டர், அடுப்பு ஆகியவற்றுக்கு ஒரு பதிவேடு தொடங்கி, மாற்றிய நாளை அதில் எழுதி, பொறுப்பாளர் ஒருவரைப் பெயர் குறித்து அமர்த்த வேண்டும். தண்ணீர்ப் பந்தல் குழுக்கள், தைப்பூசத்துக்கு ஒரு மாதம் முன்பே தம் சமையல் ஒப்பந்தக்காரர்களின் கருவிகளை நேரில் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். பந்தலின் துணித் திரைக்கும் அடுப்புக்கும் இடையே போதிய இடைவெளியும், கைக்கெட்டும் தொலைவில் தீயணைப்பானும் இல்லாத இடத்தில் அடுப்பு மூட்டக் கூடாது. லெபோ பந்தாயில் 1908-இல் எழுந்த தீயணைப்பு நிலையம் இன்றும் நகரின் நடுவே பணியாற்றுகிறது. வீதிச் சங்கங்களும் தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் அங்குள்ள தீயணைப்பு மீட்புத் துறையினரை அழைத்து, தோம்பு வால்வை மூடவும் எண்ணெய்த் தீயை அடக்கவும் பயிற்சி பெறலாம். அந்தப் பயிற்சிக்கு வீட்டின் மூத்த பெண்களை மட்டும் அனுப்பாமல், ஆண்களும் பன்னிரண்டு வயதைக் கடந்த பிள்ளைகளும் வீட்டுப் பணிப்பெண்களும் செல்லும்படி ஏற்பாடு செய்ய வேண்டும். கசிவு நேரும் வேளையில் சமையலறைக்கு அருகில் இருப்பவர் யார் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது.


ஜார்ஜ் டவுன், பினாங்கு